ஆறு தூங்குகிறதா?

தவக்காலத்தின் முதல் ஞாயிறு என்றால் வாசகம் எது என்று பார்க்கவே வேண்டாம். மூன்றாண்டுச் சுற்றில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று எழுதியவர் மாறுவார், காட்சி அதேதான். பாலைவனம், நாற்பது நாள் பட்டினியில் இயேசு, எதிரே பசாசு. மாற்கு இரண்டே வசனத்தில் முடித்துவிட்டு நடையைக் கட்டுகிறார். மற்ற இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பேச்சில் ஒரு இடம் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் உறுத்தும். ஆலய உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, குதித்துப் பார் என்று சொல்லும்போது பசாசு வேதம் பேசுகிறது. அது எடுத்துக்கொள்வது 91ஆம் திருப்பாடல். நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அதிகம் தொங்குவதும் அந்தப் பாடல்தான். நிலைப்படிக்கு மேலே ஸ்டிக்கர், கூடத்தில் காலண்டர், வேன் கண்ணாடியில் ஒரு துண்டு. சாக்கடலோரக் குகைச் சுருள்களில் பேயோட்டும் பாடல்களின் தொகுப்பு ஒன்று கிடைத்தது. அதன் கடைசியிலும் இதே பாடல் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டாகக் காவலுக்கு நிறுத்திய பாட்டு. அதைக் கேட்டுப் பசாசு ஓடவில்லை, மனப்பாடமாக ஒப்பிக்கிறது.

இயேசு சொல்லும் மூன்று பதிலும் உபாகமத்திலிருந்து வருகின்றன. பாட்டு பொய் என்று அவர் சொல்லவில்லை. கடவுள் தாங்குவாரா மாட்டாரா என்று குதித்துப் பார்ப்பது நம்பிக்கை இல்லை, பேரம் என்கிறார். விடையை முதலிலேயே முடிவு செய்துவிட்டுச் செய்யும் பரீட்சை. இந்தக் குறிப்புகளில் அதுதான் திரும்பத் திரும்ப என் கையில் தட்டுப்படுகிறது என்பதை எழுதிக்கொண்டு போகும்போதுதான் கவனிக்கிறேன்.

*

அதே மாதிரிப் பரீட்சை ஒன்றை விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பார்த்தேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெள்ளைக் களிமண் பக்கத்தில் இல்லாவிட்டால் விருத்தாசலத்துக்கு இந்தத் தொழில் இப்படி வாய்த்திருக்காது. களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் சேர்த்து அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் ஒட்டி நிற்பது பொம்மை. நடுவில் மிஞ்சிய கூழைக் கவிழ்த்துவிடலாம். காயவைத்துச் சூளையில் ஏற்றினால் ஆயிரத்து இருநூறு டிகிரியை ஒட்டிய சூடு.

வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பொம்மை. வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியர் இந்த ஊரிலும் ஆகிற சரக்கு என்று யாரும் யோசிப்பதில்லை. பொம்மையில் விரிசல் விழுந்தால் பொம்மை அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். ஃபியூஸ் கேரியரில் விழுந்தால் மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். அதில் கை வைக்கப்போவது யாரென்று செய்தவருக்குத் தெரியாது.

சரக்குப் பிரிக்கும் வேலையில் தலை நரைத்துப்போன ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு பீஸைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். நல்லதென்றால் கணீரென்று கேட்கும். விரிசல் விட்டிருந்தால் சத்தம் செத்திருக்கும். மேலே கிளேஸ் பூசி மினுமினுவென்று இருப்பதால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், காதுதான் சாட்சி. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர் என்பதால், "உங்களுக்கு சோதனைன்னா எது அண்ணே?" என்று கேட்டுவைத்தேன்.

"மாசக் கடைசிங்க" என்றார்.

கொஞ்சம் பொறுத்து அவரே விரித்தார். "லாரி வந்து நிக்கும். ஆர்டர்ல நூறு எறநூறு கொறையும். செத்த சத்தம் கேட்டதையே இன்னொரு தடவ தட்டிப் பாருன்னு மனசு சொல்லும். ரெண்டாவது தடவ மெதுவாத் தட்டுவோம். மெதுவாத் தட்டினா எல்லாமே நல்ல சரக்குதான்."

அவரிடம் இதற்கு மேல் இறையியல் கேட்கத் தேவை இருக்கவில்லை. ஆசை காட்டி இழுப்பதைப் பற்றியே நாம் பேசுகிறோம். பெண், பொன், சாராயம் என்று பிரசங்கங்கள் ஒரே தடத்தில் ஓடுகின்றன. அவர் சொன்னது அதற்கு முந்தைய அடி: தட்டும் கையையே கொஞ்சம் தளர்த்திவிடுவது. பொய் சொல்லவில்லை, திருடவில்லை, தட்டிப் பார்த்தேன் என்று சத்தியம்கூடச் செய்யலாம்.

கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக்கின் நூல், மண்கலத்துக்குச் சூளை எப்படியோ மனிதனுக்கு அவன் பேச்சும் எண்ணமும் அப்படி என்கிற பொருளில் ஓரிடத்தில் சொல்கிறது. அதே நூல் இன்னோரிடத்தில், என்னை வழிதவற வைத்தது கடவுள்தான் என்று சொல்லித் தப்பிக்காதே என்று எச்சரிக்கிறது. யாக்கோபின் கடிதமும் அதையே பிடித்துக்கொள்கிறது: கடவுள் யாரையும் தீமைக்கு இழுப்பதில்லை, அவரவர் ஆசையே இழுத்துப்போகிறது. லாரி வந்து நிற்பது யார் குற்றமும் இல்லை. மாதக் கடைசி யாருக்கும் வரும்.

சி.எஸ். லூயிஸ் போர்க்கால வானொலிப் பேச்சு ஒன்றில் சொன்னது இங்கே பொருந்துகிறது. சோதனையின் பலம் அதற்கு மடங்கியவனுக்குத் தெரியாது, எதிர்த்து நின்றவனுக்குத்தான் முழுதாகத் தெரியும். ஐந்தாவது நிமிடத்தில் விழுந்தவனுக்கு ஒரு மணி நேரம் கழித்து அது என்ன எடை என்று எப்படித் தெரியும்? நல்லவர்களுக்கு உலகம் தெரியாது என்று நாம் சொல்வது தலைகீழ்.

*

விரிசல் என்பது என்ன? எடை போட முடியாது. விரிசலை மட்டும் தனியாக எடுத்து மேசைமேல் வைக்க முடியாது. இருக்க வேண்டிய இடத்தில் மண் ஒட்டாமல் போனதுதான் விரிசல். ஆனால் அதன் வழியாகத்தான் மின்சாரம் கசிகிறது.

அகுஸ்தீன் (354–430) இந்தச் சிக்கலோடு பல ஆண்டுகள் மல்லாடினார். இளவயதில் அவர் மானி என்பவரின் கூட்டத்தில் இருந்தார். அவர்கள் கணக்கில் ஒளி ஒரு அரசு, இருள் இன்னொரு அரசு, இரண்டும் ஆதியிலிருந்தே உண்டு. அதில் ஒரு வசதி இருக்கிறது: என் தப்பு என் தப்பு இல்லை, எனக்குள் கலந்துவிட்ட இருளின் வேலை. அதை விட்டு வெளியே வந்தபின் அவர் சொன்னது, தீமைக்கென்று தனிப் பொருள் கிடையாது, நன்மை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனதே தீமை என்று. படித்தவுடன், அப்படியானால் தீமை வெறும் மாயையா என்று கேட்கத் தோன்றும். ஃபியூஸ் கேரியரில் கை வைத்த ஆளிடம் போய் விரிசல் மாயை என்று சொல்லிப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் கிறிஸ்தவம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. தீமைக்குச் சொந்தப் பொருள் இல்லை; ஆனால் அதை விரும்பித் தேர்ந்தெடுத்து, மற்றவரையும் அதற்குள் இழுக்கும் ஒரு சித்தம் உண்டு. பசாசு கடவுளுக்குச் சமமான எதிரி அல்ல. படைக்கப்பட்டது, நல்லதாகவே படைக்கப்பட்டது, கெட்டுப்போனது. யோபுவின் கதையில் அது கடவுளின் சபையில் நின்று குற்றம் சாட்டும் வழக்கறிஞர் மாதிரி வருகிறது, அனுமதி வாங்கிக்கொண்டுதான் போகிறது. ஆதியாகமத்துப் பாம்புக்குச் சாத்தான் என்ற பெயரே அந்த அதிகாரத்தில் இல்லை. பிற்பாடு வந்த நூல்கள்தான் இரண்டையும் முடிச்சுப்போட்டன. 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், பரலோக மந்திரத்தின் கடைசி வேண்டுதலில் சொல்லப்படும் தீமை வெறும் கருத்து அல்ல, ஓர் ஆள் என்று எழுதியது. 2018இல் பிரான்சிஸ் பாப்பரசரும், பசாசைக் கட்டுக்கதையாகவோ உருவகமாகவோ எடுத்துக்கொண்டால் காவலைத் தளர்த்திவிடுவோம் என்றார்.

நான் நம்புகிறேனா? நம்புகிறேன். கொம்பும் வாலும் அல்ல. மெதுவாத் தட்டு என்று ஒரு குரல் சொல்கிறதே, அது முழுக்க என் குரல் மட்டும் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் கை என்னுடையது. அந்த யோசனை மட்டும் எனக்கு முன்னாலிருந்தே இந்த உலகத்தில் இருக்கிறது.

*

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை சாலையில் மங்கலம்பேட்டை. அந்தப் பக்கம் முகாசபரூரை ஒட்டிக் கோணான்குப்பம். சனவரியில் திருவிழா. கூட்டம் சாதி, மதம் பார்க்காமல் வரும். வீரமாமுனிவர் எழுப்பிய கோயில். மாதாவுக்கு அவர் வைத்த பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் அம்மன் பெயரும் பெரியநாயகிதான். இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைக்காரர் இந்த வட்டாரத்து மனிதர்கள் தாயை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

அவருடைய தேம்பாவணி 3,615 பாடல். சதுரகராதி அகராதிக்காரர்களுக்கு. எல்லோர் கையிலும் எட்டியது பரமார்த்த குரு கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். சிறுவர் கதை என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டோம். துறவி ஒருவர் எழுதியது என்ற நினைப்போடு படித்தால் அது ஒரு தவக்காலப் புத்தகம்.

ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு தூங்கும்போதுதான் கடக்கலாம் என்பது குருவின் கட்டளை. கொள்ளிக்கட்டையை எடுத்துப்போன சீடன் அதைத் தண்ணீரில் வைக்கிறான். சுர்ரென்று சீறிப் புகை எழும்புகிறது; ஆறு விழித்திருக்கிறது என்று ஓடி வருகிறான். பிறகு இன்னொரு தடவை போய்ப் பார்க்கிறார்கள், அதே கட்டையோடு. நனைந்து அணைந்துபோன கட்டை. சீற்றம் இல்லை. ஆறு தூங்கிவிட்டது என்று பூனை நடை நடந்து இறங்குகிறார்கள்.

குடியை விட்ட மனிதர், ஒரு விருந்தில் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம், இப்போது நமக்கு ஒன்றும் ஆகாது என்று போய் உட்காருகிறார். வாங்கிய கடனை எல்லாம் சீட்டாட்டத்தில் தொலைத்தவர், நூறு ரூபாய்க்கு மட்டும் என்று செயலியைத் திறக்கிறார். ஆற்றைச் சோதிக்கிறேன் என்று சொல்கிறார்கள். கையில் இருப்பது அணைந்த கட்டை. ஆறு அன்றும் ஓடிக்கொண்டிருந்தது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்கம் என்பது கட்டை சொன்ன சேதி.

அக்கரை சேர்ந்ததும் தலையை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் எப்போதும் ஒருவன் குறைகிறான். ஆற்றை ஏசி, ஒப்பாரி வைக்கிறார்கள். ஊரில் கெட்டவர்கள் யார் யார் என்று நான் போடும் பட்டியலும் இப்படித்தான். கூட்டல் சரியாகவே இருக்கும். எப்போதும் ஒரு தலை குறையும்.

*

தெற்கே புளியம்பட்டி அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கூந்தலை விரித்து ஆடும் பெண்கள், கொடிமரத்தைச் சுற்றி ஓட்டம், அலறல். இந்தப் பக்கத்துக் குடும்பங்களும் வேன் பிடித்துப் போகிறார்கள். மந்திரித்து, தீர்த்தம் தெளித்துக் கூட்டி வருகிறார்கள். பெந்தகொஸ்தே சபைகளில் இதுவே மைக் வைத்து நடக்கிறது.

மனநோய் என்று ஒரே சொல்லில் முடித்துவிட நான் தயாராக இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் இழுத்தடிப்பதையும் ஏற்க முடியவில்லை. பேயோட்டும் சடங்குக்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும் என்பது திருச்சபையின் விதியே. என் கவனம் வேறு இடத்தில். ஆடுகிற பெண்களில் பலர் புதிதாகக் கல்யாணமானவர்கள், பிள்ளை இல்லை என்று ஏச்சு வாங்குகிறவர்கள். பேய் அவள் மேலே இறங்கிவிட்டது என்று வீடே ஒரே குரலில் சொல்லும்போது, மாமியார், புருஷன், கடன்காரன் எல்லோரும் எண்ணிக்கையிலிருந்து வெளியே போய்விடுகிறார்கள். காத்து கருப்பு அண்டியது அவளை மட்டும்தான்.

பசாசுகளைப் பற்றி இரண்டு தவறுகள் உண்டு என்று லூயிஸ் 1942இல் வெளிவந்த ஒரு நூலில் எழுதினார்: இல்லவே இல்லை என்பது ஒன்று, எப்போதும் அதே நினைவாக இருப்பது மற்றொன்று, இரண்டையும் பார்த்து அவை சந்தோஷப்படும். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் இரண்டு தவறையும் ஒரே வீட்டில் வைத்துக் குடித்தனம் நடத்துகிறோம். கூந்தலில் பசாசு உண்டு. கல்லாப்பெட்டியில் இல்லை.

*

இதை எழுதாமல் தாண்ட முடியாது. உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூர். 2008 மார்ச் 9. ஊரில் ஒரே மாதா, ஒரே நற்கருணை, தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கூட இருந்து பட்ட அவமானம் போதும் என்பதுதான் அதன் பொருள். சாதிக் கத்தோலிக்கர்கள் எதிர்த்தார்கள். தாக்குதல், தீவைப்பு, போலீஸ் துப்பாக்கிச் சூடு. இரண்டு பேர் செத்தார்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 23. ஆகவே அது தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அன்றைய நற்செய்தி, லாசரைக் கல்லறையிலிருந்து கூப்பிட்டு எழுப்பும் பகுதி. காலையில் அதைக் கேட்டவர்கள்தான். முதல் ஞாயிறன்று பாலைவனச் சோதனையும் கேட்டிருப்பார்கள். உலக அரசுகளையெல்லாம் காட்டி, என்னை வணங்கு போதும் என்று பசாசு சொல்லும் இடம். ஊரில் முதல் மரியாதைக்காக வணங்கியது எதை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பழைய கதையும் உண்டு. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர், சாதியைச் சமூக வழக்கம் என்று விட்டுவைக்கலாம் என்ற தன் மிஷனோடு ஒத்துப்போக முடியாமல் வெளியே வந்தார். பண்ருட்டி பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக நிலையம் அமைத்தார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது. லைப்சிக்காரர்கள் கெட்டவர்கள் அல்லர். தமிழில் நன்கு தேர்ந்தவர்கள், பொறுமைசாலிகள். மெல்ல மெல்ல மாறும் என்று நம்பினார்கள். கெட்டவர்களைவிட நிதானமானவர்களைத்தான் இந்த விஷயத்தில் பசாசுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது.

*

சித்திரை மத்தியானம். கத்தரி வெயில். ஜங்ஷனில் சேலம் வண்டிக்குக் காத்திருப்பவர்களைத் தவிரத் தெருவில் ஆள் இல்லை. எவாக்ரியுஸ் என்ற எகிப்துப் பாலைத் துறவி (இறந்தது 399இல்) எட்டு வகைத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டார். அதில் மிகக் கொடியது நண்பகல் பசாசு. பெயர் மறுபடியும் அந்த 91ஆம் பாடலின் கிரேக்க வடிவத்திலிருந்து. காலை பத்து மணி வாக்கில் வரும், இரண்டு மணி வரை விடாது. சூரியன் நகரவில்லை என்று தோன்றும். ஜன்னலைப் பார்க்கவைக்கும். செய்கிற வேலை வீண், இருக்கிற இடம் வீண், வேறெங்காவது போனால் சரியாகிவிடும் என்று சொல்லும். அவர் காலத்தில் ஜன்னல் சுவரில் இருந்தது. இப்போது கையில் இருக்கிறது, நாமே அதைச் சார்ஜ் போடுகிறோம்.

இந்த நேரக் கணக்கைப் படித்துச் சிரித்தவர்கள் 2025 பிப்ரவரியில் வந்த தமிழக அரசின் விதியையும் படிக்கலாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கதவடைப்பு. கம்பெனிகள் வழக்குப் போட்டன. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஆகஸ்ட்டில் மத்திய அரசின் சட்டம் வந்து பண ஆட்டத்தையே தடை செய்தது. மதம் சாராத ஓர் அரசு, மனிதன் எந்த நேரத்தில் பலவீனமாக இருப்பான் என்று கடிகாரம் பார்த்துச் சட்டம் எழுதியிருக்கிறது. துறவிக்கு நண்பகல், ரம்மிக்காரனுக்கு நடுச்சாமம்.

எவாக்ரியுஸ் சொல்லும் மருந்து எதிர்ப்பேச்சு. ஒவ்வோர் எண்ணத்துக்கும் ஒரு வசனம் என்று ஏறக்குறைய 500 வசனம் தொகுத்து வைத்திருந்தார். எனக்கு அவ்வளவு மனப்பாடம் வராது. அவர் சொல்லும் இன்னொன்று எளிது: அந்த நேரத்தில் அறையை விட்டு வெளியே போகாதே.

*

இஞ்ஞாசியார் இதைவிடக் கறாரானவர். சேசு சபையின் தகப்பன். வீரமாமுனிவர் பயின்றதும் அவருடைய தியானப் பயிற்சிகளைத்தான். மனம் வறண்டு கிடக்கும்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்கிறார். சோதனை ஒரு மணி நேர செபத்தைக் குறைக்கச் சொன்னால் கொஞ்சம் கூட்டிச் செய். எதிரி கோட்டையைச் சுற்றி வந்து எந்த மதில் இற்றிருக்கிறது என்று பார்ப்பான், ஆகவே உன் இற்ற மதில் எது என்று நீ முதலில் தெரிந்துகொள். எல்லாவற்றையும்விட, யாரிடமும் சொல்லாதே என்று அவன் சொன்னால் உடனே யாரிடமாவது போய்ச் சொல்லிவிடு.

இந்தக் கடைசி அறிவுரைக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி மட்டும்தான் இடம் என்று நான் நினைக்கவில்லை. சரக்குப் பிரிக்கும் அந்த மனிதர் சொன்னார், மாதக் கடைசியில் அவர் தனியாக உட்கார்வதில்லை. எதிரே ஒரு அம்மா உட்கார்ந்து அதே கூடையிலிருந்து தட்டுவார்களாம். "நான் மெதுவாத் தட்டினா அந்தம்மா தலையைத் தூக்கிப் பார்க்கும். பேசாது. பார்க்கும்."

*

சூளை பற்றி ஒரு தொழில் விஷயம். விரிசல் எல்லாம் சூடேறும்போது விழுவதாகத்தான் வெளியாட்கள் நினைப்பார்கள். நிறைய விழுவது ஆறும்போது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும், சட்டென்று சுருங்கும். அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுச் சூளைக் கதவைத் திறந்து குளிர்காற்றை விட்டால் முழுத் தீயையும் தாங்கிய பாத்திரம் அங்கே வாய் பிளக்கும். கிளேஸில் விழும் மெல்லிய வலைக்கோடுகளோ விற்று, வாங்கி, பல மாதம் புழங்கியபின்கூட வரலாம்.

லூக்கா மட்டும் பாலைவனக் காட்சியின் கடைசியில் ஒரு சிறு தகவல் சேர்க்கிறார். பசாசு தோற்று ஓடிவிட்டது என்று அவர் எழுதவில்லை. தக்க நேரம் வரும்வரை விலகிப்போனது என்று எழுதுகிறார். நாற்பது நாள் நோன்பு முடித்து, ஈஸ்டர் மதியம் பிரியாணிக்குப் பிறகு மனிதன் எவ்வளவு எளிதாகக் கிடைப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன். நோன்புக் காலத்தில் விட்ட குடியை ஈஸ்டரன்றே தொடங்குவதை ஒரு கொண்டாட்டமாகவே நடத்துகிறவர்கள் நம்மிடையே குறைவா?

*

ஈஸ்டர் இரவில், மெழுகுவத்தி ஏற்றியபடி, திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிக்கிறோம். வரிசையைக் கவனித்தால், கடவுளை நம்புகிறீர்களா என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. அதற்கு முன்னால் சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, அவன் செயல்களை விட்டுவிடுகிறீர்களா, அவன் பகட்டுகளை விட்டுவிடுகிறீர்களா என்று மூன்று கேள்வி. கூட்டம் மொத்தமும் விட்டுவிடுகிறோம் என்று ஒரே குரலில் சொல்லும். இத்தனை பேர் இத்தனை சத்தமாக ஒப்புக்கொள்ளும் வேறு வாக்குறுதியை நான் கேட்டதில்லை.

பெயர் வேண்டாம், ஒரு பங்கில் இளைஞர்கள் சாமியாரிடம் போய் ஒரு யோசனை சொன்னார்கள். சாத்தான் என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் ஆமாம் போட்டுவிடுகிறார்கள். அவன் செயல்கள் என்ற இடத்தில் ஊர்க்காரியங்களைச் சேர்த்துக் கேட்கலாமே. ஓட்டுக்குக் கவர் வாங்குவது, மருமகளிடம் நகை கேட்பது, இன்ன தெருப் பிணம் இன்ன பாதையில் போகக்கூடாது என்பது. சாமியாருக்குப் பிடித்துப்போனது. வழிபாட்டு வாசகத்தை மாற்ற முடியாது, மறையுரையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன் என்றார்.

சேதி எப்படியோ வெளியே போயிற்று. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பெயர் கொடுத்திருந்த ஒரு பெரியவர் சாமியார் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோபமாக வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தணித்துத்தான் பேசினார்.

"சாத்தானை எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க சாமி. எங்க பாட்டன் காலத்துலேருந்து விட்டுவிடுறோம்னுதான் சொல்லிக்கிட்டு வர்றோம். அந்தக் கவர் சமாச்சாரம்கூடச் சொல்லுங்க, சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. பாதை விஷயத்தை மட்டும் இழுக்காதீங்க."

"ஏன்?"

"அதைச் சொன்னா யாரும் விட்டுவிடுறோம்னு சொல்லமாட்டாங்க சாமி. பூசையில அசிங்கமாயிடும்."